பேசாதவர் கணக்கு

வடக்குத்தில் என் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு மர மேஜை கிடக்கிறது. அதன்மேல் ஒரு ரேடியோப் பெட்டி, சுருள் வயரோடு ஒரு மைக், நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு, சுவரில் சாய்த்து வைத்த ஒரு கடிகாரம். கடிகாரத்தின் முகத்தில் இரண்டு இடங்களில் மட்டும் சிவப்பு தீட்டியிருக்கும். கால் மணியிலிருந்து மூன்று நிமிஷம், முக்கால் மணியிலிருந்து மூன்று நிமிஷம். பேத்தியின் நகப்பூச்சை எடுத்து என் அக்கா புருஷர் தீட்டிய சிவப்பு அது. அக்காவின் கணவரை எங்கள் பக்கத்தில் மாமா என்றுதான் கூப்பிடுவது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதல் தடவை அந்தக் கடிகாரத்தைப் பார்த்தபோது, "என்ன மாமா, ராகு காலமா?" என்று கேட்டேன். "இல்லை, வாயை மூடிக்கொள்ளும் காலம். உனக்குப் புரியாது" என்றார். அது எனக்குப் புரிய ஒரு தீபாவளி வர வேண்டியிருந்தது.

மாமா நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவர். 1956-ல் லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கி, 1961 ஆகஸ்டில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி கண்ணில்பட்ட ஊர் அது. நிலக்கரிக்கு மேலே மலைமலையாய் மண். அதை வெட்டி அப்புறப்படுத்த ராட்சசச் சக்கரம் வைத்த யந்திரங்கள். வெட்டியதைக் கொண்டுபோக மைல் கணக்கில் ஓடும் பெல்ட். நிலக்கரிக்கு அடியிலிருந்து எப்போதும் முட்டிக்கொண்டிருக்கும் ஊற்று நீரை ஓயாமல் இறைத்துக்கொட்டும் பம்புகள். இவ்வளவுக்கும் நடுவில் ஓர் அறையில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று ஷிப்டு நோட்டில் எழுதுவதுதான் மாமாவின் உத்தியோகம். "நீ எழுதியதைவிட நான் எழுதியது அதிகம். என்ன, உனக்குப் பணம் வந்தது, எனக்குச் சம்பளம் வந்தது" என்பார். அதில் இருக்கும் குத்தல் எனக்கு மட்டும் புரியும்.

ரிடையர் ஆனதும் க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டார். டவுன்ஷிப்பை விட்டுப் போக மனசில்லாதவர்கள் அதன் வாசலிலேயே குடியேறுவதுபோல, அந்தப் பக்கத்தில் இப்படி வந்து சேர்ந்த குடும்பங்கள் அநேகம். மற்றவர்கள் தோட்டம் போட்டார்கள். கோயில் கமிட்டியில் சேர்ந்தார்கள். மாமா பரீட்சைக்குப் படித்தார். அமெச்சூர் ரேடியோ உரிமத்துக்கான பரீட்சை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பரில் அந்தமானில் பல வருஷங்களுக்குப் பிறகு அமெச்சூர் ரேடியோவுக்கு அனுமதி கிடைத்து, ஒரு கோஷ்டி போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. அதை நடத்திச் சென்றவர் பாரதி பிரசாத் என்ற அம்மையார். உலகத்தின் மூலை முடுக்குகளோடு பேசி மகிழலாம் என்று போன இடத்தில், 26-ஆம் தேதி காலையில் பூமி ஆடிற்று, கடல் ஏறிற்று. தொலைபேசிகள் செத்துப்போயின. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன ரேடியோவையே வைத்துக்கொண்டு அந்த அம்மாள் தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் நடுவே செய்தி கடத்தினார். யார் இருக்கிறார், யாரைக் காணோம் என்ற செய்திகள். நம் கடலூர்க் கரையும் அன்றைக்கு அழுதுகொண்டிருந்த கரைதான். மாமா அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, "முப்பது வருஷம் மண் வெட்டும் கணக்கு எழுதினேன். இனிமேல் மனுஷக் கணக்கு எழுதலாம்" என்று சொன்னதாக அக்கா சொல்வாள்.

இப்போது தீபாவளிக்கு வருகிறேன்.

2015 நவம்பர் 9, திங்கட்கிழமை. மறுநாள் தீபாவளி. நான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையிலிருந்து மழை. அதை மழை என்று சொல்வது சம்பிரதாயத்துக்குத்தான். அன்றும் மறுநாளுமாக நெய்வேலியில் பெய்தது 483 மில்லிமீட்டர் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். கிட்டத்தட்ட அரை மீட்டர். மத்தியானமே மின்சாரம் போயிற்று. சாயங்காலம் கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்தன. அடுப்பில் அதிரச மாவோடு அக்கா மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது, அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண் நனைந்து ஓடி வந்தாள். அவளுடைய மாமனாரைக் காணோம். எண்பது வயசு, ஞாபகம் தப்பிப்போன மனிதர். எப்போது வெளியே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மாமா எழுந்தார். அவரைப்போலவே உரிமம் வாங்கிய சிநேகிதர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். என் அக்கா மகனும் அப்பாவைப் பார்த்து உரிமம் எடுத்தவன். ஆளுக்கு ஒரு கைக்கருவி, கூட நாலைந்து பிள்ளைகள். மூன்று குழு. முதல் குழு வடலூர்ச் சாலையோடு. இரண்டாவது ஊருக்குள் தெருத்தெருவாய். மூன்றாவது முந்திரிக்காட்டின் வழியாக ஓடைப்பக்கம். மூன்றாவதில் அக்கா மகன்.

மாமா பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். நோட்டை என்னிடம் தள்ளினார். "நீதான் எழுத்தாளன் ஆயிற்றே, எழுது" என்றார்.

நான் எழுதினேன். ஐயா, எப்படி எழுதினேன் தெரியுமா! அந்தப் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன. மாமா கிழிக்க விடவில்லை. இருட்டில் ஈரக் குரல்கள் மிதந்து வருவதைப் பற்றி நான்கு வரி. இரண்டாவது குழுவில் ஒரு பையன் சாக்கடையில் விழுந்து எழுந்த வைபவம் அரைப் பக்கம். அரிக்கேன் விளக்கைச் சுற்றிய ஈசல்கூட அதில் இடம் பெற்றிருக்கிறது. நேரம் மட்டும் சில இடங்களில்தான் இருக்கிறது.

ஒன்பது மணி சுமாருக்கு மாமா கார் பாட்டரியை எடுத்து வரக் கொல்லைப்புறம் போனார். அந்த மூன்று நிமிஷத்தில் முதல் குழு கூப்பிட்டது. சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, திரும்புகிறோம், டீக்கடைக்காரர் ஒருவர் சாயங்காலம் ஒரு பெரியவரை வடலூர் பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார் என்றது. விதிப்படி நான் மைக்கைத் தொடக்கூடாது. ஆனாலும் தொட்டு, "சரி, எழுதிக்கொண்டேன்" என்றேன். எழுதவும் செய்தேன். டீக்கடைக்காரரின் வார்த்தை ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், ஓர் அரைப்புள்ளிக்கும் இன்னோர் அரைப்புள்ளிக்கும் இடையில் படுத்துக்கொண்டது. மாமா திரும்பி வந்தபோது நான் அடுத்த வாக்கியத்தில் இருந்தேன். அவரிடம் சொல்ல மறந்தேன்.

9.20-க்கு மூன்றாவது குழு பேசியது. "ஓடையில் முழங்கால் தண்ணீர். தாண்டி அந்தப் பக்கம் பார்க்கிறோம்." என் மருமகனின் குரல். இந்த நேரத்தை மட்டும் சரியாக எழுதியிருக்கிறேன்.

அப்புறம் இரண்டாவது குழு பேசிக்கொண்டே இருந்தது. ஊருக்குள் இருந்ததால் அவர்களுக்குக் கருவி நன்றாகக் கேட்டது. நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டார்கள். மாமா பதில் சொன்னார், நான் எழுதினேன். பக்கங்கள் நிறைந்தன. வேலை நடக்கிறது என்ற திருப்தி இரண்டு பேருக்கும் இருந்தது. ஓயாமல் பேச்சு வந்துகொண்டிருக்கும்போது எல்லோரும் பேசுவதாகத்தானே நினைக்கத் தோன்றும்?

அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு. "தம்பி, பையன் என்ன சொல்கிறான்?" என்று கேட்டாள்.

நான் நோட்டைப் புரட்டினேன். முன் பக்கம், அதற்கு முன் பக்கம். சாக்கடை இருந்தது, ஈசல் இருந்தது. மாமா மெதுவாக, "மூன்றாவது குழு கடைசியாக எப்போது பேசிற்று?" என்றார். கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 10.35. ஒரு மணி கால் நேரமாக அந்தக் குழு வாயைத் திறக்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

மாமா கூப்பிட்டார். பத்துத் தரம் கூப்பிட்டார். இரைச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. முதல் குழுவையும் இரண்டாவதையும் ஓடைக்கு அனுப்பினார். அப்போதுதான் முதல் குழுவின் ஆள், "பெரியவர் வடலூருக்குப் பஸ் ஏறினாரென்று ஒன்பது மணிக்கே சொன்னோமே, காட்டில் எதற்கு இன்னும் ஆட்கள்?" என்று கேட்டார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ விமரிசகர்கள் என்னைக் கடிந்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு ஈடான விமரிசனம் இதுவரை வரவில்லை.

பன்னிரண்டரைக்குக் கயிறு போட்டு அவர்களைக் கரையேற்றினார்கள். தாண்டும்போது முழங்காலளவு இருந்த ஓடை திரும்பும்போது மார்பளவாகிவிட்டது. மருமகன் கால் கல்லிடுக்கில் மாட்டி, கணுக்கால் முறிந்துவிட்டது. கருவி தண்ணீரோடு போயிற்று. கூட வந்த பிள்ளைகள் அவனை ஒரு முந்திரி மரத்தின் கிளையில் ஏற்றி உட்கார்த்தி, மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். அதற்குமேல் எதைக் கேட்பது? அதே மழையில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் கொண்டுபோன செய்தி மறுநாள் வந்தது. அந்த வீடுகளில் விடிந்த தீபாவளியை நினைத்தால் எங்களுடையதைத் துக்கமென்று சொல்ல வாய் வராது.

அக்கா அன்றிரவு எல்லோருக்கும் காப்பி போட்டாள். எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரியவரைக் காலையில் கண்டுபிடித்தார்கள். வடலூரில், வள்ளலார் 1867-ல் அடுப்பு மூட்டி, அன்று முதல் அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறதே, அந்தத் தருமசாலையில். ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, துணி காய்ந்து, தூங்கி எழுந்து உட்கார்ந்திருந்தார். தேடிப் போனவர்களைப் பார்த்து, "ஏனப்பா இப்படி நனைந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம்.

மூன்றாம் நாள் மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தம் பழைய நோட்டு ஒன்றை விரித்தார். நான்கு பத்தி. நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, என்ன சங்கதி. ஒவ்வொரு வரியும் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் இல்லை. சில வரிகளில் 'பேச்சு இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தது.

"பேச்சு இல்லை என்பதை எதற்கு எழுத வேண்டும்?" என்றேன்.

"அதைத்தான் எழுத வேண்டும். பேசியது காதில் விழுந்துவிடும். பேசாதது எப்படி விழும்?" என்றார். பிறகு கடிகாரத்தைக் காட்டினார்.

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியபோது, எட்டும் தூரத்தில் கலிபோர்னியன் என்று ஒரு கப்பல் நின்றது. அதில் வயர்லெஸ் இருந்தது. ஆளும் ஒருவர் இருந்தார். ஒரே ஒருவர். நாள் முழுவதும் வேலை செய்த களைப்பில் கருவியை மூடிவிட்டுப் படுத்துவிட்டார். டைட்டானிக் கதறியது அந்தக் கப்பலின் காதில் விழவில்லை. ஆயிரத்து ஐந்நூறு பேர் போனார்கள். அதன் பிறகு கடல் சட்டங்கள் மாறின. நாளடைவில் ஒரு வழக்கமும் வந்தது. மணிக்கு இரண்டு தரம், மூன்று மூன்று நிமிஷம், ஆபத்துக்கான அந்த அலைவரிசையில் எந்தக் கப்பலும் பேசக்கூடாது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு, பலவீனமான ஒரு குரல் எங்கேயாவது கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் கப்பல் கடிகாரங்களில் சிவப்புப் பட்டை. 1999-ல் செயற்கைக்கோள் முறை முழுசாக வந்ததும் அந்த வழக்கம் கடலிலிருந்து போய்விட்டது. மாமா வீட்டுத் தாழ்வாரத்தில் மட்டும் இருக்கிறது.

அவர் சொல்லச் சொல்ல, எனக்கு நம் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு. எனக்கு அப்போது ஒன்பது வயசு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைப் புயலும் கடலும் விழுங்கின. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். கம்பிகள் எல்லாம் அறுந்து தனுஷ்கோடி ஊமையாகிக் கிடந்தது. அங்கே நடந்தது வெளியுலகத்துக்குத் தெரியவே நேரமாயிற்று. பெரியவர்கள் திண்ணையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "சத்தம் வரவில்லையென்றால் சுகமாயிருக்கிறார்கள் என்றுதானே நினைப்போம்" என்று யாரோ சொன்னது காதில் நிற்கிறது.

இதெல்லாம் நடந்து பத்து வருஷமாகிறது. அன்று பதினோரு வயசுக் குழந்தையாய், அப்பா வரும்வரை தூங்கமாட்டேன் என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த அக்காவின் பேத்தி இப்போது என்ஜினீயரிங் மாணவி. போன தடவை போயிருந்தபோது மேஜைமேல் நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி உட்கார்ந்திருந்தது. கலிபோர்னியாவில் நெவாடா கவுண்டி என்று ஒரு மலைப்பிரதேசம். அங்கே காட்டில் காணாமல் போனவர்களைத் தேடும் குழுவினர் உபயோகிக்கும் 'ரேடியோலாக்' என்ற புரோகிராமைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தமிழில் ஒன்று தானே எழுதியிருந்தாள்.

எனக்குக் காட்டினாள். குழுவின் எண்ணைத் தட்டினால் நேரம் தானாக விழுகிறது. எழுத்தாளர்களை நம்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி ஏடு. ஒருவர் சொன்னது இன்னொருவர் பேச்சில் முங்கிப்போகாது. துப்பு என்று ஒரு பொத்தான். அதை அமுக்கி எழுதினால் அந்த வரி தனித் தாளாக எழுந்து நின்று, யார் பார்த்தார், என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கும். பதில் எழுதும்வரை நகராது. டீக்கடைக்காரருக்கு இப்போது ஒரு முழுத் தாள்! எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குழுவின் பெயருக்கு எதிரிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கடைசியாகப் பேசி எத்தனை நிமிஷம் ஆயிற்று என்ற கணக்கு. குறித்த நேரம் நெருங்கினால் கட்டம் மஞ்சளாகிறது. தாண்டினால் சிவப்பு.

"எத்தனை நிமிஷம் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"அதில்தான் தாத்தாவுக்கும் எனக்கும் சண்டை" என்றாள். எல்லோருக்கும் ஐந்து நிமிஷம் என்று முதலில் வைத்தாளாம். ஒத்திகையில் பார்த்தால் எல்லாக் கட்டமும் எப்போதும் சிவப்பு; கொஞ்ச நேரத்தில் யாரும் சிவப்பை மதிக்கவில்லை. அரை மணி என்று வைத்தால், தண்ணீரில் இறங்கியவனுக்கு அரை மணி என்பது ஆயுள். கடைசியில் மாமா சொன்னபடி, சாலையில் போகிறவனுக்கு அரை மணி, காட்டில் இருப்பவனுக்குக் கால் மணி, ஓடையில் கால் வைத்தவனுக்குப் பத்து நிமிஷம் என்று ஒவ்வொரு தரமும் ஆள் பார்த்து மாற்றும்படி செய்திருக்கிறாள். யார் எந்த இடத்தில் இருக்கிறான் என்று மனசில் வைத்துக்கொண்டு கணக்குச் சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

"கரண்ட் போனால்?" என்றேன், தோற்றவன் குரலில்.

"பாட்டரி இருக்கிறது. அதுவும் போனால் நோட்டு இருக்கிறது. தாத்தா நோட்டை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை" என்றாள்.

மாமாவுக்கு இப்போது எண்பதை எட்டுகிற வயசு. யந்திரத்தில் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "சிவப்பாகிறது, சரி. ஆனால் பார்க்கிறவன் பார்க்க வேண்டுமே! கலிபோர்னியனில் கருவி நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

அன்று சாயங்காலம் ஒத்திகை. என்னை மடிக்கணினி முன்னால் உட்கார்த்தினார்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு எனக்கு மறுபடியும் அந்த உத்தியோகம்! கணுக்காலைச் சற்று இழுத்து நடக்கும் மருமகன் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். மூன்று குழுக்கள் கிளம்பின. மாமாவும் ஒரு கைக்கருவியை எடுத்துக்கொண்டு, "நான் நாலாவது குழு. கடைத்தெரு வரை போய் வருகிறேன். எனக்குப் பத்து நிமிஷம் வை" என்று சொல்லிக் குடையோடு இறங்கினார்.

இந்தத் தடவை நான் ஈசல்களைப் பார்க்கவில்லை. வந்ததை வந்தபடி தட்டினேன். இரண்டாவது குழு வழக்கம்போல வளவளத்தது. நாலாவது கட்டம் மஞ்சளாயிற்று, சிவப்பாயிற்று. மருமகன் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். பதில் இல்லை. நிலைப்படியில் அக்கா வந்து நின்றதை நான் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தேன்.

ஒத்திகைதான். தெரியும். ஆனாலும் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் தெருவில் ஓடினேன். எழுபதை எட்டும் வயசில் எப்படி ஓடுவது உண்டோ அப்படி.

கடைத்தெரு மூலையில், டீக்கடைப் பெஞ்சில், மாமா ஒரு கையில் டீயும் ஒரு கையில் கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தார். கைக்கருவி பக்கத்தில் சத்தம் குறைத்து வைத்தபடி கிடந்தது. மூச்சு வாங்க நின்ற என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"பதினாலு நிமிஷம்" என்றார். "போன தடவைக்கு இது பரவாயில்லை. போய் எழுது."

பெஞ்சில் எனக்கும் இடம் விட்டு நகர்ந்து, இன்னொரு டீக்குச் சொன்னார்.